வளர்ந்தான், வளர்த்தான்: பகுபத உறுப்புகள் பற்றி ஒரு திறனாய்வு

ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரும் இரண்டு வாக்கியங்களை அதில் எழுதுங்கள்.

கண்ணன் கிராமத்தில் வளர்ந்தான்.
கண்ணன் கிளி வளர்த்தான்.

முதல் வாக்கியத்தில் வளர்ச்சி கண்ணனுக்கு. இரண்டாம் வாக்கியத்தில் வளர்ச்சி கிளிக்கு. கண்ணன் அதற்குக் காரணமானவன். இவ்வளவு பெரிய பொருள் வேறுபாட்டைத் தாங்கி நிற்பது எது? இரண்டு வினைச்சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் ‘வளர்’ ஒன்றே. இறுதியில் ‘தான்’ ஒன்றே. நடுவில் ஓரிடத்தில் ‘ந்’ இருக்கிறது. மற்றோரிடத்தில் ‘த்’ இருக்கிறது. அந்த ஓர் ஒற்றெழுத்துதான் கண்ணனையும் கிளியையும் பிரித்து வைக்கிறது.

இந்த ஒற்றெழுத்தால் ஒரு மாணவி மதிப்பெண் இழந்ததை நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண் தன் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ‘வளர்த்தான்’ என்னும் சொல்லுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் கேட்டிருந்தார்கள். அவள் ‘வளர் + த்த் + ஆன்’ என்று பிரித்து, ‘த்த்’ என்பதற்கு நேராக ‘பிறவினை, இறந்தகாலம்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. சரியான விடை ‘வளர் + த் + த் + ஆன்’ என்பது. முதல் ‘த்’ சந்தி, இரண்டாம் ‘த்’ இறந்தகால இடைநிலை.

“மாமா, சந்திக்குப் பொருள் கிடையாது என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் வளர்ந்தான், வளர்த்தான் இரண்டுக்கும் ஒரே பொருள்தானா?” என்று கேட்டாள்.

பாட நூலின்படி ஆசிரியர் செய்தது சரி. ஆனால் அவள் கேட்ட கேள்வியும் சரி. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியுமா? அதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம்.

ஆறு உறுப்புகள்

சொல்லைப் பகுத்துக் காட்டும் இம்முறை நமக்கு நன்னூலிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதற்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் இது. இதன் எழுத்ததிகாரத்தில் இரண்டாவதாக அமைந்தது பதவியல். பிரிக்க முடியாத சொல் பகாப்பதம். பிரிக்கக்கூடிய சொல் பகுபதம். பகுபதத்தின் உறுப்புகள் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு.

ஆறும் ஒரே சொல்லில் அமைவதற்கு எடுத்துக்காட்டாக ‘நடந்தனன்’ என்பதைக் காட்டுவார்கள். ‘நட’ பகுதி; ‘த்’ சந்தி; அது ‘ந்’ ஆனது விகாரம்; அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை; ‘அன்’ சாரியை; இறுதி ‘அன்’ ஆண்பால் விகுதி.

இம்முறையின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை அடுக்கடுக்காகக் கழற்றி, ஒவ்வொரு துண்டும் என்ன வேலை செய்கிறது என்று கேட்பது அறிவியல் நோக்கு. இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று, ஆநின்று. எதிர்காலத்துக்கு ப், வ் என்று பவணந்தியார் தரும் பட்டியலை இன்று கையில் எடுத்துக்கொண்டு போனாலும் பெரும்பாலான தமிழ் வினைகளின் பூட்டைத் திறந்துவிடலாம். தமிழ் வினைப்பகுதிகளுக்கு ‘நட, வா’ எனத் தொடங்கி 23 வாய்பாடுகளை அவர் வகுத்துக் கொடுத்திருக்கிறார். இது சிறு செயலன்று.

மொழியியல் தரும் அளவுகோல்

இனி மொழியியலார் கையாளும் அளவுகோலைப் பார்ப்போம். சொல்லின் அமைப்பை ஆராயும் பிரிவுக்கு உருபனியல் என்று பெயர். இதற்கு மேலை நாட்டில் வழங்கும் பெயர் உயிரியலிலிருந்து வந்தது என்பது அறிவியல் படிக்கும் உங்களுக்குச் சுவையாக இருக்கும். தாவரங்கள், விலங்குகள் இவற்றின் உருவ அமைப்பை ஆராயும் துறைக்கு ஜெர்மன் கவிஞர் கேத்தே வழங்கிய பெயரை, 1859இல் ஷ்லைகர் என்னும் மொழியறிஞர் சொல்லமைப்பு ஆய்வுக்குக் கொண்டுவந்தார்.

இத்துறையின் அடிப்படை அலகு உருபன். பொருள் தரும் மிகச் சிறிய மொழிக்கூறே உருபன். ‘மரங்கள்’ என்பதில் ‘மரம்’ ஓர் உருபன். ‘கள்’ ஓர் உருபன். ‘மரம்’ என்பதை மேலும் உடைத்தால் வெறும் ஒலிகள்தான் கிடைக்கும், பொருள் கிடைக்காது. இக்கருத்துக்குரிய மேலை நாட்டுச் சொல் 1880ஆம் ஆண்டையொட்டிப் பொதுவான் தெ கூர்த்தனே என்னும் போலந்து அறிஞரால் உருவாக்கப்பட்டது. பின்னர் 1933இல் அமெரிக்க அறிஞர் புளூம்ஃபீல்டு ‘மொழி’ என்னும் தம் நூலில் அதற்கு உறுதியான இலக்கணம் வகுத்தார். ‘உருபு’ என்னும் நம் பழைய இலக்கணச் சொல்லிலிருந்தே தமிழில் உருபன் ஆக்கப்பட்டது.

ஓர் உருபன் எல்லா இடங்களிலும் ஒரே வடிவில் வருவதில்லை. ‘செய்தான்’ என்பதில் த், ‘உண்டான்’ என்பதில் ட், ‘தின்றான்’ என்பதில் ற், ‘ஓடினான்’ என்பதில் இன். நான்கும் தருவது ஒரே பொருள், இறந்தகாலம். இப்படி ஒரே பொருளை இடத்துக்கேற்ப வெவ்வேறு வடிவில் தருபவற்றை மாற்றுருபன்கள் என்பர். இங்கே ‘ஒரே பொருள்’ என்பதே உயிர்நாடியான நிபந்தனை. பொருள் மாறிவிட்டால் அவை மாற்றுருபன்கள் ஆகமாட்டா. இரண்டு தனி உருபன்களாகிவிடும்.

இதைக் கண்டறியும் சோதனை ஆய்வுக்கூடச் சோதனையைப் போன்றதே. மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொருள் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் நீங்கள் மாற்றிய துண்டுக்குப் பொருள் உண்டு.

சோதனை காட்டும் முடிவு

இப்பொழுது நம் இரு சொற்களையும் சோதனைக்கு உட்படுத்துவோம். நன்னூல் முறைப்படி:

வளர்ந்தான் = வளர் + த்(ந்) + த் + ஆன்
வளர்த்தான் = வளர் + த் + த் + ஆன்

பகுதி ஒன்று, இடைநிலை ஒன்று, விகுதி ஒன்று. வேறுபாடு சந்தியில் மட்டும். ஒன்றில் சந்தி விகாரம் அடைந்தது, மற்றொன்றில் அடையவில்லை. ஆனால் பொருளோ மாறிவிட்டது. ஆகவே ‘சந்தி’ என்று நாம் பெயரிட்ட துண்டு இங்கே பொருளைச் சுமக்கிறது.

இது இறந்தகாலத்தில் மட்டும் நேர்ந்த விபத்தா என்று பார்க்க மற்றக் காலங்களையும் சோதியுங்கள். வளர்கிறான், வளர்க்கிறான், வளர்வான், வளர்ப்பான். ‘வளர்க்கிறான்’ என்பதில் க் சந்தி என்பார்கள். ‘வளர்ப்பான்’ என்பதில் முதல் ப் சந்தி என்பார்கள். மூன்று காலத்திலும் வல்லின ஒற்று நின்றால் பிறவினை. அது இல்லாவிட்டாலோ மெல்லினமாக மாறினாலோ தன்வினை. உடைந்தது, உடைத்தது, எரிந்தது, எரித்தது, மறைந்தான், மறைத்தான், சேர்ந்தான், சேர்த்தான் என்று இந்த இணைகள் நீண்டுகொண்டே போகும். இத்தனை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

உண்மையான சந்தி எப்படி இருக்கும் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘திரை’ என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘திரையை’. நடுவில் வந்த ‘ய்’ உடம்படுமெய். அது எப்போது வரும் என்பதை ஒலியை மட்டும் வைத்தே சொல்லிவிடலாம். இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் வேறோர் உயிர் வந்தால் ய் தோன்றும். பொருளைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் ‘வளர்’ என்பதன் பின் ந் வருமா, த் வருமா என்று ஒலியை மட்டும் வைத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். முடியாது. இரண்டுக்கும் முன்னால் நிற்பது ஒரே ர். பின்னால் நிற்பது ஒரே த். எது வரும் என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது.

ஆக, சந்தி என்னும் ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு பொருள்கள் அடைக்கப்பட்டுள்ளன. ஒன்று, ஒலி வசதிக்காக வரும் எழுத்து. மற்றொன்று, தன்வினையையும் பிறவினையையும் வேறுபடுத்திக் காட்டும் எழுத்து. மாணவி கண்டது இந்த இரண்டாவதை.

பிழை எங்கே தொடங்கியது?

பவணந்தியார் தன்வினை பிறவினை வேறுபாட்டை அறியாதவர் அல்லர். வி, பி சேர்ந்து பிறவினை உண்டாவதை அவரே அதே பதவியலில் விதித்திருக்கிறார். ‘செய்வி, நடப்பி’ என்பன அவ்வகை. அப்படியிருக்க ‘வளர்த்தான்’ எப்படித் தப்பியது?

என் கருத்தில் காரணம் பதவியல் அமைந்திருக்கும் இடம். அது சொல்லதிகாரத்தில் இல்லை. எழுத்ததிகாரத்தில், எழுத்தியலுக்கும் புணரியல்களுக்கும் நடுவில் இருக்கிறது. எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதையும் சொற்கள் சேர்ந்து புணர்வதையும் இணைக்கும் பாலமாக அது அமைக்கப்பட்டது. எனவே அதன் முதற் கவலை, எழுத்துக் கணக்கு மிச்சமின்றித் தீர்வது. ‘நடந்தனன்’ என்பதில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர் கொடுத்துவிட வேண்டும். பகுதிக்கும் இடைநிலைக்கும் நடுவில் ஓர் எழுத்து மிஞ்சினால் அதற்குச் சந்தி என்று பெயர்.

இதனால் விளைந்த மற்றொரு குழப்பமும் உண்டு. ஆறு ‘உறுப்பு’ என்கிறோம். பகுதி, விகுதி, இடைநிலை ஆகியவை துண்டுகள், எடுத்துக் காட்டலாம். விகாரம் துண்டு அன்று, அது நிகழ்ச்சி. த் என்பது ந் ஆக மாறியது என்பது நடந்த செயல். வண்டியின் உறுப்புகளைச் சொல்லுங்கள் என்றால் சக்கரம், அச்சு, நுகத்தடி என்று சொல்லிவிட்டு ‘தேய்மானம்’ என்பதையும் உறுப்பாகச் சொல்வது போன்றது இது. வகுப்பறையில் பல மாணவர்கள் ‘விகாரம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

புதிய கலைச்சொல்லும் தப்பவில்லை

‘அப்படியானால் பழையதை விட்டுவிட்டு மொழியியலாரின் பிரிப்பை ஏற்றுக்கொள்ளலாமே’ என்று நீங்கள் நினைக்கலாம். பொறுங்கள். பல மொழியியல் நூல்கள் ந்த், த்த் ஆகிய இரண்டையும் இறந்தகால உருபனின் மாற்றுருபன்கள் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. மாற்றுருபன் என்றால் ஒரே பொருள் தர வேண்டும் என்று சற்றுமுன் கண்டோம். ‘வளர்ந்தான், வளர்த்தான்’ இரண்டும் ஒரே பொருள் தரவில்லை. ஆகவே இங்கும் அதே வேறுபாடு வேறொரு பெயருக்குள் மறைந்துவிட்டது. பெயர்ப்பலகையை மாற்றியதால் கடையில் உள்ள சரக்கு மாறிவிடாது.

அதுபோலவே, ‘த்த் என்றால் பிறவினை’ என்று பொது விதி செய்வதும் பொருந்தாது. ‘சிரித்தான்’ என்பதில் த்த் இருக்கிறது. அவன் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. ‘நடந்தான், நடக்கிறான், நடப்பான்’ என்பதில் இறந்தகாலம் ஒரு வகையாகவும் மற்ற இரண்டும் வேறு வகையாகவும் உள்ளன. ஒரே பகுதியிலிருந்து இரண்டு வினைகள் இணையாக வரும்போதுதான் இந்த ஒற்று பொருள் வேறுபாட்டைக் காட்டுகிறது. மற்ற இடங்களில் அந்த வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை மட்டும் அறிவிக்கிறது. 1855இல் தமிழ் இலக்கணச் சுருக்கம் ஒன்றை வெளியிட்ட ஜெர்மானியர் கிரவுல் வினைகளை வகுப்புகளாகப் பிரித்துக் காட்டியது இக்காரணம் பற்றியே. பேராசிரியர் கு. பரமசிவம் இந்த வினை இணைகளையே பொருளாகக் கொண்டு 1979இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேடு அளித்தார். ஒரு முழு ஆய்வேட்டுக்கு இடந்தரும் செய்தியைச் ‘சந்தி’ என்ற ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாணவியின் விடையிலும் ஒரு குறை உண்டு. ‘த்த்’ என்பதை அவள் ஒரே துண்டாக வைத்தாள். உண்மையில் இரண்டாம் த் இரு சொற்களுக்கும் பொது. அது காலத்தைக் காட்டுகிறது. முதல் ஒற்றுதான் தன்வினை பிறவினையைக் காட்டுகிறது. அதாவது பவணந்தியார் வெட்டிய இடம் சரியானதே. வெட்டிய துண்டுக்கு இட்ட பெயரே பொருந்தவில்லை.

இடைநிலையும் உள்ளொட்டும்

பழைய சொற்களைப் புதிய கருத்துகளுக்கு வைக்கும்போது நேரும் இன்னொரு தவறையும் இங்கே சுட்ட வேண்டும். பகுதியோடு ஒட்டி வரும் துண்டுகளை ஒட்டுகள் என்பர். முன்னால் வருவது முன்னொட்டு. பின்னால் வருவது பின்னொட்டு. பகுதியைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைவது உள்ளொட்டு. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகாலோகு மொழியில் ‘சுலத்’ என்பது எழுதுதலைக் குறிக்கும் பகுதி. ‘எழுதினார்’ என்பதற்கு ‘சுமுலத்’ என்பார்கள். ‘உம்’ என்னும் துண்டு ச் என்னும் முதல் மெய்க்குப் பின்னால் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது.

சிலர் உள்ளொட்டையும் ‘இடைநிலை’ என்றே எழுதுகிறார்கள். இது மாணவரைத் தவறான பாதையில் விடும். ‘செய்தான்’ என்பதில் உள்ள த், ‘செய்’ என்பதைப் பிளக்கவில்லை. அதன் பின்னால் ஒட்டியது. அதன் பின்னால் ‘ஆன்’ ஒட்டியதால் நடுவில் நிற்பதாகத் தோன்றுகிறது. தமிழில் உள்ளொட்டு இல்லை. நம் இடைநிலைகள் யாவும் பின்னொட்டுகளே.

மரபு முந்தி நிற்கும் இடங்கள்

குறையை மட்டும் சொல்லி முடித்தால் அது நடுவுநிலை ஆகாது. ‘மரம் + ஐ’ என்பது ‘மரமை’ ஆவதில்லை, ‘மரத்தை’ ஆகிறது. நடுவில் வரும் ‘அத்து’ என்பதைச் சாரியை என்று தொல்காப்பியமே பெயரிட்டுப் பேசுகிறது. தனக்கெனப் பொருளில்லாத துண்டும் சொல்லில் இடம்பெறலாம் என்பதற்கு அமெரிக்க மொழியியலார் 1940களில்தான் ‘வெற்றுருபு’ என்று பொருள்படும் ஒரு பெயரைத் தேடிக் கண்டார்கள். ஆயினும் இங்கும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். ‘மரத்துக் கிளை’ என்னும்போது கிளை மரத்துக்குரியது என்பதைக் காட்ட அத்து ஒன்றைத் தவிர வேறு துண்டு இல்லை. அதைப் பொருளற்றது என்று இங்கும் சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, ‘கெடு, கேடு’, ‘படு, பாடு’, ‘சுடு, சூடு’. வினை பெயராகிவிட்டது, ஆனால் எந்தத் துண்டும் சேரவில்லை. உள்ளே இருந்த குறில் நெடிலானதே மாற்றம். ‘விடு’ என்பது ‘விட்டான்’ ஆகும்போதும் தனி இடைநிலை இல்லை. பகுதியின் ஒற்று இரட்டித்துக் காலம் காட்டுகிறது. எல்லாவற்றையும் துண்டுகளின் வரிசையாகவே காண விரும்பிய மொழியியலாருக்கு இத்தகைய சொற்கள் பெருந்தொல்லை கொடுத்தன. சொல்லைத் துண்டுகளின் அடுக்காகக் காண்பது ஒரு முறை, பகுதியின்மேல் நிகழும் மாற்றங்களாகக் காண்பது மற்றொரு முறை என்று 1954இல் ஹாக்கெட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். நம் இலக்கண ஆசிரியர்களோ முதல் வகைக்கு ‘முதனிலை திரிந்த தொழிற்பெயர்’ என்றும், இரண்டாம் வகைக்குப் ‘பகுதி இரட்டித்துக் காலம் காட்டியது’ என்றும் இயல்பாகச் சொல்லிவிட்டார்கள். உறுப்புப் பட்டியலில் இடறிய ‘நிகழ்ச்சி’ என்னும் கருத்து, இங்கே தக்க இடத்தில் நின்று ஒளிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

பகுபத உறுப்பிலக்கணத்தைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆறு உறுப்புகளைப் படியுங்கள். தேர்வில் அவ்வாறே எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுதியபின் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதை மாற்றினால் பொருள் மாறுகிறதா? இது வருவதை ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடிகிறதா? முதற் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாம் கேள்விக்கு ‘இல்லை’ என்றும் விடை வந்தால், அதன்மேல் ‘சந்தி’ என்று எழுதியிருந்தாலும் அது வெறும் சந்தி அன்று. பாடநூல் எழுதுவோர் இத்தகைய இடங்களில், ‘இச்சந்தி பிறவினையைக் காட்டி நின்றது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மரபுக்கும் ஊறில்லை, உண்மைக்கும் ஊறில்லை.

அந்த மாணவியிடம் நான் வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் வரையச் சொன்னேன். வீட்டில் அன்றாடம் பேசும் வினைச்சொற்களில் இணையாக வருபவற்றைத் தேடி, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று கட்டங்களிலும் எழுதச் சொன்னேன். ஒரு வாரத்தில் 40 இணைகளுடன் வந்தாள். ‘காய்ந்தது, காய்த்தது’ என்பதற்கு நேராக மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். வெயிலில் காய்ந்த துணியையும் காய்த்த மாமரத்தையும் ஓர் இணையாகக் கொள்ளலாமா என்பது அவள் ஐயம்.

நீங்களும் அந்தக் கட்டங்களை வரைந்து பாருங்கள். ‘காய்’ என்பதற்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள்?